நாலாம் கொட்டகையும் சுமாரான சாப்ட்வேரும்

பெரிய பைல்களைத் திறந்து காட்டுவது என் தொழில். அது திறக்கும்வரை வாடிக்கையாளரோடு சேர்ந்து திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அந்தத் தொழிலில் பெரும்பகுதி.

திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறீர்களா? தூங்குகிற பிள்ளைக்குப் போர்வையைச் சரிசெய்வதுபோல மவுஸை மெல்ல, மிக மெல்ல நகர்த்தியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் என் இனம். உட்காருங்கள். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

போர்டு

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தில் தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் இடைநிலைப்பள்ளி என்று படித்தவள் நான். வாய்ப்பாடு தமிழில் வரும், அறிவியல் மலாயில் வரும், கோபம் இரண்டிலும் வரும். வெளிநாட்டு வங்கி ஒன்றில் பல வருடம் தரவுப் பிரிவில் குப்பை கொட்டிவிட்டு, ஐம்பதை நெருங்கும்போது போதும் என்று தோன்றி ஜொகூருக்கே திரும்பினேன். ஸ்கூடாயில் மோட்டார் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை எடுத்து, ‘கணினி ஆலோசனை’ என்று போர்டு மாட்டினேன். முதல் மாதம் முழுக்கப் படியேறி வந்தவர்கள் எல்லாரும் ஒரே ஆலோசனைதான் கேட்டார்கள்: இங்கே போட்டோஸ்டேட் எடுக்கலாமா?

எடுக்கக் காகிதம் இல்லாமல் ஏறி வந்த முதல் ஆள் மாணிக்கம். லாயாங் லாயாங்குக்கு வெளியே முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். அவர் முட்டையில் முக்கால்வாசி சிங்கப்பூரில் ஒரு கம்பெனிக்குப் போகிறது. அந்தக் கம்பெனி வருடத்துக்கு ஒருமுறை ஓர் ஆய்வாளரை அனுப்பும். அவருக்கு ஒவ்வொரு கொட்டகையிலும் வருடம் முழுக்க வெப்பம் எப்படி இருந்தது என்பதைத் திரையில் காட்ட வேண்டும். போன வருடம் ஆய்வாளர் முன்னால் பைல் பாதி திறந்து நின்றுவிட்டது. அவர் பொறுமையாகக் காத்திருந்து, கொடுத்த இளநீரை எல்லாம் குடித்துவிட்டு, “அடுத்த வருஷமும் பாக்க முடியலன்னா வேற பண்ணையில வாங்கிக்கச் சொல்லி எழுத வேண்டியிருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு இன்னும் ஒரு மாதம் கெடு.

சாதாரண நாளில் அந்தப் பைல் திறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். மாணிக்கம் யோசித்துச் சொன்னார்: “காலையில தட்டிவிட்டுட்டு, போய் ரொட்டி சானாய் சாப்பிட்டு வந்தா திறந்திருக்கும் மேடம். டீ மட்டும் குடிச்சா பத்தாது லா.”

கெட்டில் விதி

பண்ணை அலுவலகம் ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு தகரக்கூரை அறை. கம்ப்யூட்டர் ஒன்று, அதன் பொறுப்பாளர் பரமேஸ்வரி, எல்லாருக்கும் பரமேஸ். நான் போனதும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வெளியே கேட்கும்படி “பைல் திறக்கப் போறேன்!” என்று ஒரு குரல் கொடுத்தாள். தீயணைப்புப் பயிற்சி மாதிரி ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள். ஒருவர் மின்கெட்டிலின் பிளக்கைப் பிடுங்கினார். ஒருவர் பிரிண்டரை அணைத்தார். மாணிக்கம் தன் போன் சார்ஜரைக் கழற்றி, ஆதாரம் காட்டுவதுபோலக் கையில் பிடித்துக்கொண்டார். ஏர்கண்டிஷனர் நின்றது. எல்லாரும் வியர்த்தோம்.

காரணம் கேட்டேன். சில வருடங்களுக்கு முன்பு பைல் திறந்து முடிகிற கடைசிக் கட்டத்தில் யாரோ மைலோ கலக்கக் கெட்டிலைப் போட, கரண்ட் டிரிப் ஆகி எல்லாம் போய்விட்டதாம். அதிலிருந்து பைல் திறக்கும்போது கெட்டில் தடை. விருந்தாளி வந்தாலும் பைல் திறந்த பிறகுதான் தேநீர். ஆனால் வயரிங் புதிதாக மாற்றியாயிற்று என்று சுவரில் மின்னும் புதிய பெட்டியைப் பார்த்தாலே தெரிந்தது. பிறகு ஏன் இந்த விரதம்?

“கரண்டு பிரச்சனை தீந்துருச்சுதான்க்கா,” என்றாள் பரமேஸ், குரலைத் தாழ்த்தி. “ஆனா பைலுக்கு அது தெரியாதே.”

எம்.சி. போட்ட மெஷின்

ஒருவழியாகத் திறந்தது. எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் இருக்கும் அந்தக் கட்டம்போட்ட சாப்ட்வேர்தான். அப்போது அக்டோபர். நான் பைலின் அடிவரைக்கும் போய்ப் பார்த்தேன். கடைசி வரி மே மாதம் இரண்டாம் தேதி காலையோடு முடிந்திருந்தது. அதற்குப் பிறகு கோழிகளுக்குக் குளிரும் இல்லை, வெயிலும் இல்லை.

சக துன்பப்படுபவர்களே, உங்களில் பாதிப் பேர் இப்போதே தலையில் கை வைத்திருப்பீர்கள். ஆறு கொட்டகை, ஒவ்வொன்றுக்கும் ஜனவரி முதல் நிமிடத்துக்கு ஒரு வரி. அந்தக் கட்டம்போட்ட தாளிலோ பத்து லட்சத்துச் சொச்சம் வரிக்கு மேல் இடம் கிடையாது. மிச்சத்தை அது ஏற்றாமல் விட்டுவிடும். விட்டுவிட்டேன் என்று ஒரு சின்னப் பெட்டியில் சொல்லவும் செய்யும். பரமேஸிடம் அந்தப் பெட்டி வருமா என்று கேட்டேன். “அது எப்பவும் என்னமோ கேட்கும்க்கா. பாவம்னு ஓகே குடுத்துடுவேன்,” என்றாள்.

மாணிக்கத்துக்கு விளக்கினேன். அவர் திரையில் இருந்த தேதியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, முப்பது வருடம் ஆட்களை வேலைக்கு வைத்த மனிதரின் சலிப்போடு சொன்னார்: “மே தினம் லீவு. மறுநாள் உடம்பு சரியில்லன்னு டாக்டர் சீட்டு, எம்.சி. அதுக்கப்புறம் ஆளையே காணோம். என்கிட்ட இருந்த பழைய டிரைவரும் இப்படித்தான்.”

லைனை இழுப்பது யார்

முதலில் சோதித்துப் பார்த்தது இணையத்தில் ஓடுகிற சாப்ட்வேர். கோலாலம்பூரிலிருந்து விற்பனையாளர் ஒருவர் டையோடு வந்திருந்தார். கோழிப்பண்ணைக்கு டையோடு வந்தவர் என்ற வகையில் அவர்மேல் எனக்கு மரியாதை. “பைலை எங்ககிட்ட ஏத்திட்டாப் போதும் சார், உலகத்துல எங்கேருந்தும் பாக்கலாம்,” என்றார். மாணிக்கம், “நான் உலகத்துல எங்கயும் போறதில்ல தம்பி. இங்கேருந்து பாக்கணும்,” என்றார். ஏற்ற ஆரம்பித்தோம். கெட்டில் பிளக் வழக்கம்போலப் பிடுங்கப்பட்டது. பச்சைக் கோடு பாதி தூரம் போய், அங்கேயே குடியேறிவிட்டது.

யாரோ லைனை இழுக்கிறார்கள் என்று முடிவானது. எல்லாருடைய போனையும் அணைக்கச் சொன்னார் மாணிக்கம். கோடு அசையவில்லை. பரமேஸும் நானும் தேடிக்கொண்டு போனோம். நாலாம் கொட்டகையின் முன்னறைக்குள் நுழைந்ததும் ஒன்று புரிந்தது. ஜொகூரில் மத்தியான வேளையில் மனிதன் இருக்கத்தக்க ஒரே இடம் அதுதான். கொட்டகையைக் குளிர்விக்க வைத்த ஈரச்சுவர் வழியாகக் காற்று சில்லென்று வந்தது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி அங்கேதான் சுவரில் இருந்தது. அதன் எண்ணை யாரோ நன்றாக இறக்கிவைத்திருந்தார்கள். அதன் கீழே கான்வாஸ் கட்டிலில் மண்டோர் சின்னப்பன் அண்ணன் படுத்திருந்தார். கண்காணிப்பாளரை இன்னமும் மண்டோர் என்று கூப்பிடுகிற பண்ணை அது. அவர் வயிற்றின்மேல் போன். போனில் ஒரு பழைய நகைச்சுவைப் படம் யாருக்காகவோ ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே! ஆபீஸ்ல லைன் செத்துப்போச்சு. நீங்க படம் பாத்துட்டு இருக்கீங்களா?” என்று பரமேஸ் கத்தினாள். அவர் கண்ணைத் திறக்காமலே, அநியாயமாகக் குற்றம் சாட்டப்பட்டவரின் குரலில் சொன்னார்: “நான் எங்கம்மா பாக்குறேன்? தூங்கிட்டுல்ல இருக்கேன்.”

சுமாரானது போதும்

டை கட்டியவர் திரும்பிப்போனார். பண்ணை லைனுக்கு இணையத்தை நம்ப முடியாது என்று ஒரு வரி குறித்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை என் மாடிப்படியில் ஆள் ஏறும் சத்தம். ஒரு தட்டு முட்டையோடு சின்னப்பன் அண்ணன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. என் மேசையில் இருந்த திரையைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“தங்கச்சி, புது சாப்ட்வேர் வந்தா கோடு கோடா வரைஞ்சு காட்டுமாமே?”

“காட்டும் அண்ணே.”

“நாலாம் கொட்டகைக்குமா?”

எல்லாக் கொட்டகைக்கும் என்றேன். அவர் முட்டைத் தட்டை மேசைமேல் மெதுவாக வைத்தார். பிறகு கதை வந்தது. அவர் மனைவிக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடிவதற்கு வெகு முன்னாலேயே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட வேண்டும். அவளை ஏற்றிவிட்டு அப்படியே பண்ணைக்குத் தீனி போட வந்துவிடுவார். மத்தியானம் தகரக்கூரை வீட்டுக்குப் போனால் கண் மூட முடியாது. “கோழிக்கு இருக்குற சொகுசுல ஒரு மணி நேரம் நானும் இருந்துட்டுப் போறேன். எண்ணைக் கொஞ்சம் இறக்கிக்குவேன். அலாரம் வச்சிருக்கேன், எழுந்ததும் திருப்பிச் சரியா வச்சுடுவேன். இவ்வளவு வருஷமா யாருக்கும் தெரியாது. பைல்தான் ஒழுங்காத் திறக்காதே.”

மெதுவாக ஓடும் சாப்ட்வேரால் யாரோ ஒருவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார் என்பது என் தொழிலில் அதுவரை யோசித்துப் பார்க்காத விஷயம். முட்டை வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அவர் காதில் வாங்காமல் படியில் இறங்கினார். பாதியில் நின்று திரும்பிப் பார்த்து, ஒரு சமரசத்துக்கு வந்தார்: “ரொம்ப நல்லதா வேணாம் தங்கச்சி. சுமாரா ஓடுறதா ஒண்ணு பாருங்க. கொஞ்சம் சுத்தட்டும்.”

தயவுசெய்து

நீங்களும் இப்படிப் பைலோடு மல்லுக்கட்டுகிறவராக இருந்தால், விளம்பரத்தை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு நான் கேட்கும் கேள்விகளையே கேளுங்கள். பைல் முழுவதையும் திறக்குமா? திறக்காவிட்டால் அதை மழுப்பாமல் சொல்லுமா? லைன் இல்லாமல் ஓடுமா? எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம், நாம் எதைத் தொட்டாலும் மூலப் பைல் அப்படியே இருக்குமா? கடைசிக் கேள்வியை வங்கியில் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால்தான் அங்கே எனக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது.

இரண்டாவதாகச் சோதித்தது ஒரு சின்னத் தரவுத்தளம். எவ்வளவு பெரிய பைலையும் விழுங்கிவிடும். ஆனால் என்ன வேண்டும் என்பதைக் கட்டளையாகத் தட்டச்சு செய்தால்தான் காட்டும். பரமேஸுக்கு ஒரு கட்டளை எழுதிக் கொடுத்துவிட்டுக் கைகழுவப் போனேன். திரும்பி வந்தால் திரை சிவப்பாக ஏதோ திட்டிக்கொண்டிருந்தது. நான் எழுதிக் கொடுத்த வரிக்கு முன்னால் அவளாக ஆங்கிலத்தில் ‘தயவுசெய்து’ சேர்த்திருந்தாள். அதை எடுத்ததும் பதில் வந்தது. அடுத்த கட்டளையிலும் சேர்த்தாள். அதற்கடுத்ததிலும். வேண்டாம், இதற்கு மரியாதை தேவையில்லை, அதட்டிக் கேட்டால்தான் கொடுக்கும் என்றேன்.

பரமேஸ் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “அப்ப இது எனக்கு வேணாம்க்கா. வீட்டுல மாமியாரு, இங்க பாஸு. இவங்ககிட்ட எல்லாம் பணிவாப் பேசிட்டு, இது ஒண்ணுகிட்ட மட்டும் அதட்டிப் பேசுன்னா வாய் பழகிடும்.”

ஓசிக்கு ரோஷம்

மூன்றாவதுதான் நிலைத்தது. இலவசமாகக் கிடைக்கிற, பெரிய பைல்களைப் பார்ப்பதற்கென்றே எழுதப்பட்ட ஒரு சின்ன சாப்ட்வேர். பைலை முழுவதுமாகச் சுமக்காது. கேட்ட பகுதியை மட்டும் எடுத்துக் காட்டும். கொட்டகையைச் சொடுக்கினால் கோடு வரைந்துவிடும். மூலப் பைலை அது தொடவே தொடாது. பரமேஸ் “பைல் திறக்கப் போறேன்!” என்று குரல் கொடுத்து, கெட்டிலை நோக்கி ஆள் ஓடுவதற்குள் பைல் திறந்துவிட்டது. அலுவலகம் உறைந்து நின்றது. அவள் மூடிவிட்டு மறுபடி திறந்தாள். மறுபடியும் அதே வேகம். “ஏமாத்துதுக்கா,” என்றாள். அடிவரைக்கும் இறக்கிக் காட்டினேன். முந்தின நாள் இரவுவரை எல்லா வரியும் இருந்தது.

மாணிக்கம் குழந்தை மாதிரி ஒவ்வொரு கொட்டகையாகச் சொடுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் மலையும் பள்ளமுமாக இயல்பாக இருந்தன. நாலு வந்தது. தினமும் மத்தியானம் ஒரே நேரத்தில் கோடு கிணற்றில் இறங்கியது. ஒரே நேரத்தில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இறங்கவில்லை. மாணிக்கம் ஜன்னல் வழியாக நாலாம் கொட்டகையைப் பார்த்தார். அதன் வாசலில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் அழகாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அவருக்குப் புரிய அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

அதன்பின் பண்ணை முழுக்கக் கேட்கும்படி நடந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. அன்றோடு நாலாம் கொட்டகைத் தூக்கம் நின்றது. ஆனால் பழைய கோடு அப்படியே இருந்தது. ஆய்வாளர் வர இன்னும் மூன்று நாள்தான். மாணிக்கம் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, கல்யாணத் தேதி கேட்பவர் மாதிரி மெதுவாகக் கேட்டார்: “மேடம், அந்த மத்தியானம் ஒரு மணி நேரத்த மட்டும் அழிச்சிட முடியாதா?”

முடியும். பைலைத் துண்டு போட்டுத் திறந்தால் பழைய சாப்ட்வேரில் ஒரு மத்தியானத்தில் செய்துவிடலாம். இதைவிட மோசமானவற்றை டை கட்டியவர்கள் செய்து பார்த்திருக்கிறேன். அப்படி அழிக்கப்பட்ட பைல்களுக்கு முன்னால் எத்தனையோ வருடம் உட்கார்ந்து, இல்லாததைத் தேடியதும் ஞாபகம் வந்தது. “இந்த சாப்ட்வேர் அழிக்காது. நானும் அழிக்க மாட்டேன் சார். வேற ஆளைக் கூப்பிடணும்னா கூப்பிட்டுக்குங்க,” என்றேன். சொல்லும்போதே மோட்டார் சைக்கிள் கடைக்காரருக்குத் தர வேண்டிய வாடகை கண்முன் வந்து போனது. மாணிக்கம் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். எழுந்து போகும்போது முணுமுணுத்தது தெளிவாகவே கேட்டது: “ஓசி சாப்ட்வேரு. அதுக்கு இவ்வளவு ரோஷமா, அலமாக்!”

சாப்பாட்டு வியூகம்

ஆய்வு நாளன்று நான் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வேறு ஆளைக் கூப்பிட மாணிக்கத்துக்கு நேரம் இருக்கவில்லை. ‘வாங்க’ என்று ஒரே ஒரு வார்த்தையில் செய்தி அனுப்பியிருந்தார். போய்ப் பார்த்தால் மேசை நிறைய நாசி லெமாக், கரிபாப், வடை, மூன்று வகைக் குவே. போன வருட அனுபவத்தில் அவர் ஒரு வியூகம் அமைத்திருந்தார்: பைல் திறப்பதற்குள் ஆய்வாளர் வயிறு நிறையச் சாப்பிட்டு, களைத்து, சீக்கிரம் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். இந்த வியூகத்தில் ஒரே ஓட்டை, பைல் இப்போது உடனே திறந்துவிடும் என்பது. அதை அவர் மறந்தே போயிருந்தார். பழக்கதோஷத்தில் கெட்டில் பிளக்கையும் யாரோ பிடுங்கியிருந்தார்கள்.

ஆய்வாளர் தேவன் சிங்கப்பூர்த் தமிழர். ஒல்லி, கண்ணாடி, சிரிப்பு கிடையாது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவின் மூடியைக் கழற்றுவதற்குள் பரமேஸ் பைலைத் திறந்துவிட்டாள். தேவன் ஆச்சரியத்தோடு புருவத்தைத் தூக்கினார். முதல் கரிபாப் கையிலேயே இருக்க ஒன்று, இரண்டு, மூன்று கொட்டகைகள் முடிந்துவிட்டன. இவ்வளவு வேகமாக இருந்தால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமே என்றார். மாணிக்கம் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் கனவில் வரும்.

நாலு. கோடு தினமும் கிணற்றில் இறங்கி ஏறியது. தேவன் கரிபாப்பைக் கீழே வைத்தார். “இது என்ன? மெஷின் கோளாறா?”

ஆமாம், கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மாணிக்கம் வாயைத் திறந்தார், மூடினார். வாசலில் நின்றிருந்த சின்னப்பன் அண்ணன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். அது நான்.”

“நீங்களா?”

“சாப்பாட்டு நேரத்துல முன்னறையில படுப்பேன் சார். சூடு கொஞ்சம் இறக்கி வைப்பேன். இப்ப இல்ல, நிறுத்தியாச்சு. பாஸுக்குத் தெரியாமத்தான் செஞ்சேன்.”

தேவன் திரையை இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார். “இறக்குறது சரி. தினம் ஒரே நிமிஷத்துல திரும்ப ஏறுதே, அது யார் வேலை?”

“அலாரம் வச்சிருக்கேன் சார்.”

“ஒரு நாளும் தவறலையா?”

“கோழி உள்ள இருக்கே சார்.”

தேவன் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார். வெளியே ரயில் ஒன்று போய் முடிந்தது. மாணிக்கத்தின் முக்கால்வாசி முட்டையும், அண்ணனின் வேலையும், என் மாடி அறையும் அந்தப் பேனா முனையில் நின்றன. கடைசியில் அவர் எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே பேசினார்: ஆள் படுக்கும் கட்டில் கொட்டகையிலிருந்து இன்றைக்கே வெளியே போக வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பூட்டு வேண்டும். அடுத்த வருடம் அதைச் சோதிக்க வருவேன். அடுத்த வருடம் என்ற சொல்லைக் கேட்டதும் மாணிக்கம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். தேவன் பாதிக் கரிபாப்பை மறுபடி எடுத்தார்.

“நான் போற பண்ணைகள்ல சில இடத்துல கோடு வருஷம் பூரா ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி நேரா இருக்கும் சார். அதைப் பாத்தா எனக்கு அங்க கோழி இருக்கான்னே சந்தேகம் வந்துடும். இங்க கோழியும் இருக்கு, ஆளும் இருக்கார்.”

இப்போதைய நிலவரம்

மாணிக்கம் என்னைப் பாராட்டவில்லை. ஆனால் அந்த மாதமே இன்னொரு பண்ணைக்காரரிடம் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். “ரொம்ப நல்லாத் திறப்பாங்க. ஆனா எதையும் அழிக்க மாட்டாங்க, பாத்துக்குங்க” என்று எச்சரிக்கை வேறு. சின்னப்பன் அண்ணனைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை; கோபம் இன்னும் தீரவில்லை போலும் என்று நினைத்தேன். போன வாரம் சாப்ட்வேரில் ஒரு சின்ன வேலைக்காக மத்தியானம் பண்ணைக்குப் போனேன்.

கதவைத் திறந்ததும் பரமேஸ் உதட்டில் விரலை வைத்தாள். அலுவலகத்தில் ஏர்கண்டிஷனர் ஓடிக்கொண்டிருந்தது. அலமாரிக்குப் பின்னால், முன்பு பிரிண்டர் இருந்த மூலையில், அந்தக் கான்வாஸ் கட்டில். மேலே அண்ணன். வயிற்றில் போன், சத்தம் இல்லாமல். கட்டிலை அங்கே போடச் சொன்னதே பாஸ்தானாம். ஸ்கூடாயிலிருந்து வெயிலில் கார் ஓட்டி வந்த எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. ஒரு டீ கிடைக்குமா என்று சைகையில் கேட்டேன். பரமேஸ் கெட்டிலைக் காட்டினாள். பிளக் பிடுங்கப்பட்டு, வயர் ஒழுங்காகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

“கொதிக்கிற சத்தத்துல முழிச்சுக்குவாருக்கா,” என்று கிசுகிசுத்தாள். “பாஸ் ஆர்டர்.”

ஆகவே நண்பர்களே, பெரிய பைலுக்கு எந்த சாப்ட்வேர் நல்லது என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, அது உடனே திறந்துவிட்டால் உங்கள் அலுவலகத்தில் யாருடைய தூக்கம் கெடும் என்பதைத்தான்.